வயரில் 94, வைஃபையில் 270: இது எப்படி?

பாளை மாடிவீடு:

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் உள்ள எங்கள் வீட்டில் 300 எம்பிபிஎஸ் (நொடிக்கு 300 மெகாபிட்) ஃபைபர் இணைப்பு இருக்கிறது. ரௌட்டர் கீழ்த்தளத்துக் கூடத்தில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அலுவலக வேலையை வீட்டிலிருந்தே பார்ப்பவன் என்பதால், வீடு கட்டும்போதே எலக்ட்ரீஷியனிடம் சொல்லி, சுவருக்குள் குழாய் பதித்து மாடி அறைக்கு ஒரு லேன் கேபிளை இழுத்து வைத்தேன். வைஃபையைவிட வயர்தான் வேகம் என்று கேட்டவர் எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன்.

இப்போது நடப்பது நேர்மாறாக இருக்கிறது. மடிக்கணினியைக் கூடத்தில் ரௌட்டருக்கு எதிரே வைத்து வைஃபையில் சோதித்தால் 270 வருகிறது. அதே மடிக்கணினியை மாடிக்குக் கொண்டுபோய் வயரைச் செருகிச் சோதித்தால் 94 வருகிறது. காலையிலும் 94, நள்ளிரவிலும் 94. ஒருநாள் மட்டும் 93.8 வந்தது. அதே அறையில் வயரைக் கழற்றிவிட்டு வைஃபையில் பார்த்தால் 25க்கும் 60க்கும் இடையில் ஏறி இறங்குகிறது. இணைப்பு கொடுத்த நிறுவனத்துக்கு மூன்று முறை புகார் செய்துவிட்டேன். வந்த பையன் ரௌட்டரை அணைத்துப் போட்டு, கூடத்தில் சோதித்துக் காட்டி, "சரியாகத்தானே வருகிறது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். குறை யாரிடம், எங்கே என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

சாரல் காலம்:

தென்காசியிலிருந்து எழுதுகிறேன். எனக்குத் தெரிந்தவரை வயர் என்றைக்கும் வைஃபையைவிட வேகமாகத்தான் இருக்கும். உங்கள் நிறுவனம் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்து வைத்திருக்கிறது என்றே நினைக்கிறேன். விளம்பரத்தில் 300 என்று போட்டுவிட்டு 100 கொடுப்பது புதிய செய்தியா என்ன? விடாமல் புகார் கொடுங்கள்.

முன்னாள் லைன்மேன்:

சாரல் காலம் தம்பி கோபப்படுவதற்கு முன்னால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நிறுவனம் வேகத்தைக் குறைத்திருந்தால் கூடத்தில் வைஃபையில் 270 வந்திருக்காது. வெளியிலிருந்து வரும் இணைப்பு ஒன்றுதான். அது ரௌட்டர்வரை முழுதாக வந்து சேருகிறது என்பதற்கு அந்த 270 போதுமான சாட்சி. ஆகவே குறை ரௌட்டருக்கும் மாடி அறைக்கும் இடையில்தான் இருக்கிறது.

தொலைபேசித் துறையில் முப்பது வருடம் கம்பத்திலும் கம்பியிலும் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: எனக்கு இங்கே வேகத்தின் அளவைவிட, அது அசையாமல் நிற்பதுதான் விஷயத்தைச் சொல்கிறது. காலையிலும் நள்ளிரவிலும் ஒரே 94 என்றால் அது நெரிசலால் வந்த குறைவு அல்ல, ஏதோ ஓர் உச்சவரம்பில் போய் முட்டுகிறது என்று பொருள். அந்த வரம்பு 100. ஈதர்நெட் கம்பியில், அதாவது லேன் கேபிளில், தரவு பொட்டலம் பொட்டலமாகப் போகிறது. ஒரு முழுப் பொட்டலத்துக்காகக் கம்பியில் செலவாகும் இடம், முன்னோட்டக் குறிகள், முகவரி, சரிபார்ப்பு எண், அடுத்த பொட்டலத்துக்கு முன் விட வேண்டிய இடைவெளி எல்லாவற்றையும் சேர்த்து 1538 பைட். அதில் நமக்கு உண்மையில் பயன்படுவது வழக்கமாக 1448 பைட். 1448ஐ 1538ஆல் வகுத்துப் பாருங்கள், 0.941 வரும். அதாவது 100 எம்பிபிஎஸ் வேகத்தில் ஓடும் கம்பியில் ஒரு குறையும் இல்லாவிட்டாலும் சோதனை 94தான் காட்டும். உங்கள் கேபிள் நோயாளி அல்ல. 100 என்ற வேகத்தில் மிகவும் ஆரோக்கியமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அது ஏன் 1000க்குப் போகாமல் 100இல் நின்றுவிட்டது என்பதுதான் கேள்வி.

லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு முறுக்கு இணைகளாக இருக்கும். 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு அவற்றில் இரண்டு இணைகள் போதும். 1000 எம்பிபிஎஸ் வேகத்துக்கு நான்கு இணைகளும் வேண்டும். 100க்குத் தேவைப்படாத மற்ற நான்கு கம்பிகளில் ஒன்று அறுந்தாலும், முனையில் சரியாகக் கடிக்காமல் விட்டாலும், பல கருவிகள் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிக்கொள்ளும். எச்சரிக்கை எதுவும் வராது. பாளை மாடிவீடு தம்பி முதலில் செய்ய வேண்டியது இதுதான்: ரௌட்டரோடு பெட்டிக்குள் வந்த குட்டைக் கேபிளால் மடிக்கணினியைக் கூடத்திலேயே நேராக இணைத்துச் சோதியுங்கள். அங்கே 280க்கு மேல் வந்தால் ரௌட்டரும் மடிக்கணினியும் நிரபராதிகள்; சுவருக்குள் இருக்கும் கேபிளைத்தான் விசாரிக்க வேண்டும். அங்கேயும் 94 வந்தால், ரௌட்டரின் அந்தத் துளையோ மடிக்கணினியின் துளையோ 100 மட்டுமே கொடுக்கக்கூடியதாக இருக்கலாம். விலை குறைந்த ரௌட்டர்கள் பலவற்றில் இன்றும் அப்படித்தான்.

பத்தமடைப் பாய்:

அண்ணாச்சி சொன்ன கணக்கு அருமை. பள்ளியில் கணிதம் எடுப்பவள் என்பதால் நானும் வகுத்துப் பார்த்துவிட்டேன். எங்கள் வீட்டுப் புதிய தொலைக்காட்சியிலும் இதே கதைதான். லேன் கேபிள் செருகினால் 90க்கு மேல் ஏறவில்லை, வைஃபையில் அதைவிட அதிகம் வந்தது. தொலைக்காட்சியின் லேன் துளையே 100 எம்பிபிஎஸ் மட்டும்தான் என்று கையேட்டைப் படித்த பிறகு தெரிந்தது. அத்தனை விலை வாங்குகிறவர்கள் அந்தத் துளையில் மட்டும் ஏன் சிக்கனம் பிடிக்கிறார்கள் என்று புரியவில்லை.

எனக்கு வேறொரு சந்தேகம் இருக்கிறது. வயருக்கு இந்தக் குறை வந்தால் அது விபத்து என்று வைத்துக்கொள்வோம். ஆனால் குறை எதுவும் இல்லாதபோதும் வைஃபை ஏன் சொன்ன வேகத்தைக் கொடுப்பதில்லை? என் மடிக்கணினியில் இணைப்பு வேகம் 866 என்று காட்டுகிறது. கோப்பை இன்னொரு கணினிக்கு அனுப்பினால் அதில் பாதிக்குச் சற்று மேலேதான் தேறுகிறது. அந்த மீதி எங்கே போகிறது?

கொக்கிரகுளத்தான்:

அக்கா கேட்டதுதான் இந்த விஷயத்தின் மையம் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். அலுவலகங்களுக்கு நெட்வொர்க் அமைத்துக் கொடுப்பது என் தொழில்.

இரண்டு வகைப் பாதைகளையும் ரயிலை வைத்து யோசியுங்கள். திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் வழியாகத் தென்காசிக்குப் போகும் பாதை ஒற்றைப் பாதை. எதிர் வண்டி வருகிறது என்றால் ஏதாவது ஒரு நிலையத்தில் நம் வண்டி ஒதுங்கி நின்றாக வேண்டும். மதுரைப் பக்கம் போகும் பாதை இரட்டைப் பாதை. போகிறவன் போவான், வருகிறவன் வருவான். இன்றைய லேன் கேபிள் அந்த இரட்டைப் பாதையைப் போன்றது. ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் முடியும், அந்தக் கேபிளில் உங்கள் கணினியைத் தவிர வேறு யாரும் கிடையாது. வைஃபை ஒற்றைப் பாதை. அதிலும் அந்தப் பாதையில் உங்கள் மடிக்கணினி, மனைவியின் கைப்பேசி, தொலைக்காட்சி, கேமரா, பக்கத்து வீட்டு ரௌட்டர் என்று எல்லா வண்டிகளும் ஓடுகின்றன. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும்.

நிலையத்திலாவது சிக்னல் கொடுக்க ஆள் இருக்கிறார். வைஃபையில் அந்த ஆளும் இல்லை. ஒவ்வொரு கருவியும் பேசுவதற்கு முன் காதைக் கொடுத்துக் கேட்கும்; காற்று அமைதியாக இருந்தால், எல்லோரும் ஒரே சமயத்தில் வாயைத் திறந்துவிடாமல் இருப்பதற்காக, தனக்குத் தானே ஒரு சிறு எண்ணைத் தேர்ந்துகொண்டு அவ்வளவு நேரம் காத்திருந்துவிட்டுப் பேசும். பேசி முடித்ததும் "வந்து சேர்ந்தது" என்று மறுமுனை பதில் அனுப்ப வேண்டும். அந்தப் பதில் வராவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து. கேட்டல், காத்தல், பதில், மறுபடி அனுப்பல் ஆகிய எல்லாவற்றுக்கும் காற்றின் நேரம் செலவாகிறது. 866 என்பது ஒரு கருவி பேசிக்கொண்டிருக்கும் அந்தக் கணத்தின் வேகம் மட்டுமே. காத்திருந்த நேரம் அதில் சேராது. உங்களுக்குப் பாதிக்குச் சற்று மேல் தேறுகிறது என்றால் உங்கள் வைஃபை நன்றாகவே இருக்கிறது.

ஈதர்நெட்டும் ஆதியில் இப்படித்தான் இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1973இல் ராபர்ட் மெட்காஃப் அதை ஸெராக்ஸ் ஆய்வகத்தில் உருவாக்கியபோது, ஹவாய்த் தீவுகளை வானொலியால் இணைத்த அலோகாநெட்டைப் பார்த்துத்தான் அந்த எண்ணம் பிறந்தது. ஒரே தடித்த கம்பியில் எல்லாக் கணினிகளும் தொங்கின. இருவர் ஒரே நேரத்தில் பேசினால் மோதல்தான். பிற்பாடு சுவிட்ச் என்ற பெட்டி வந்து ஒவ்வொரு கணினிக்கும் தனிக் கம்பி, தனித் துளை என்று பிரித்துக் கொடுத்த பிறகே வயர் அந்தத் தொல்லையிலிருந்து தப்பித்தது. காற்றைத் துண்டு போட்டு ஆளுக்கொன்றாகக் கொடுக்க முடியாததால் வைஃபை இன்னும் அங்கேயே நிற்கிறது.

2.4 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையில் நெரிசல் இன்னும் மோசம். நம் நாட்டில் அதில் 13 சேனல்கள் என்று பெயர். ஆனால் ஒவ்வொன்றும் அடுத்ததிலிருந்து 5 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே தள்ளி இருக்கிறது. பேசுவதற்கோ 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். ஆகவே ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பயன்படுபவை 1, 6, 11 என்ற மூன்றுதான். டவுனில் ரத வீதிகளை ஒட்டிய ஒரு வாடிக்கையாளர் வீட்டில் ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். அந்த மூன்றுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட ரௌட்டர்கள் இடித்துக்கொண்டிருந்தன. ஆனித் தேரோட்டத்தன்று வாகையடி முக்கில் ஸ்கூட்டர் ஓட்டுவதைப் போன்ற நிலை அது. 5 ஜிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். 2018இல் அந்தப் பட்டையில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தக்கூடிய பகுதியை அரசு விரித்துவிட்ட பிறகு இன்னும் தாராளம். ஆனால் அது சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும்.

கல்லிடை அப்பளம்:

சுவர் என்றதும் என் முறை வந்துவிட்டது. கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீடு தாத்தா காலத்து வீடு. ஒன்றரை அடிச் சுவர், சுண்ணாம்புக் காரை. ரௌட்டர் ரேழியில் இருக்கிறது. கூடம்வரை 5 ஜிகாஹெர்ட்ஸ் வருகிறது. முற்றத்தைத் தாண்டி இரண்டாம் கட்டுக்குப் போனால் அந்தப் பெயரே கைப்பேசியில் மறைந்துவிடுகிறது, 2.4 மட்டும் இருக்கிறது, அதுவும் 30ஐத் தாண்டுவதில்லை. மகளுக்கு இணைய வகுப்பு இரண்டாம் கட்டில்தான் நடக்கிறது. கடைக்காரர் ரிப்பீட்டர் வாங்கச் சொன்னார். வாங்கி முற்றத்தில் மாட்டினேன். கோபுரக்குறி நிறைய வந்தது, வேகம் வரவில்லை.

கொக்கிரகுளத்தான்:

அந்தக் கோபுரக்குறி ரிப்பீட்டருக்கும் கைப்பேசிக்கும் இடையிலான உறவை மட்டும் காட்டுகிறது. ரிப்பீட்டருக்கும் ரேழியில் உள்ள ரௌட்டருக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பதை அது காட்டாது. சாதாரண ரிப்பீட்டர் ஒரு பொட்டலத்தைக் காதால் வாங்கி, அதே சேனலில் திரும்ப உரக்கச் சொல்லும். ஒரே செய்தி காற்றில் இரண்டு முறை போவதால், கிடைக்கும் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

அலை எவ்வளவு சீக்கிரம் மெலிகிறது என்பதையும் சொல்கிறேன். திறந்த வெளியில் தூரம் இருமடங்கானால் பலம் நான்கில் ஒரு பங்காகிறது. எங்கள் பேச்சில் 6 டெசிபெல் குறைவு. ஒரே தூரத்தில் 5 ஜிகாஹெர்ட்ஸ், 2.4ஐவிட இன்னும் 6 டெசிபெல் அளவுக்குப் பின்தங்கியே வந்து சேரும். இதற்கு மேல் சுவர்கள் ஆளுக்கொரு பங்கு எடுத்துக்கொள்கின்றன. கான்கிரீட்டுக்குள் இருக்கும் முறுக்குக் கம்பி வலை, தண்ணீர் நிறைந்த தொட்டி, இரும்பு பீரோ, ரசம் பூசிய நிலைக்கண்ணாடி இவை எல்லாம் பொல்லாதவை. பலம் குறையக் குறைய ரௌட்டரும் கைப்பேசியும் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்காக மெதுவாகப் பேசத் தொடங்கும். காது மந்தமான பெரியவரிடம் நாம் நிறுத்தி நிறுத்திப் பேசுவதில்லையா, அப்படித்தான். சாதாரணக் கைப்பேசி ஒன்று 2.4இல் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஒற்றை ஆன்டெனாவோடு பேசினால், பழைய 802.11என் முறையில் அதன் உச்சமே 72 எம்பிபிஎஸ்தான். சுவர் கழிவும் நெரிசலும் போக 30 கிடைப்பதில் வியப்பில்லை.

உங்களுக்கு ரிப்பீட்டர் வேண்டாம். ரேழியிலிருந்து இரண்டாம் கட்டுக்கு ஒரு லேன் கேபிளை இழுத்து, அதன் முனையில், வயரில் வருவதை வைஃபையாகப் பரப்பும் ஓர் ஆக்சஸ் பாயின்ட் வையுங்கள். அங்கே உள்ளவர்கள் கடைசி பத்தடிக்கு மட்டும் காற்றை நம்பினால் போதும்.

கல்லிடை அப்பளம்:

சுவரைக் குடைய அப்பா சம்மதிக்க மாட்டார். யோசிக்கிறேன்.

பாளை மாடிவீடு:

அண்ணாச்சி சொன்னபடி செய்தேன். கூடத்தில் குட்டைக் கேபிளில் 286 வந்தது. ஆகவே சுவருக்குள் இருப்பதுதான் குற்றவாளி என்று தெரிந்து, மாடி அறையின் சுவர்ப் பெட்டியைத் திருப்புளியால் திறந்தேன்.

உள்ளே நான்கு கம்பிகள்தான் துளையில் மாட்டப்பட்டிருந்தன: ஆரஞ்சு இணையும் பச்சை இணையும். நீல இணையையும் பழுப்பு இணையையும் காணோம். அறுந்து போகவில்லை. யாரோ நேர்த்தியாகப் பிரித்தெடுத்து, பெட்டிக்குப் பின்னாலேயே இன்னொரு துண்டுக் கேபிளோடு முறுக்கி, பரண்மேல் இருக்கும் கேமராப் பதிவுப் பெட்டிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்! கீழே கூடத்திலும் அதே வேலை. ஒரே கேபிளை இரண்டாகப் பிளந்து, கணினிக்கு நான்கு, கேமராவுக்கு நான்கு என்று பாகப்பிரிவினை செய்துவிட்டார் எங்கள் எலக்ட்ரீஷியன். தொலைபேசியில் கேட்டேன். "இரண்டும் வேலை செய்கிறதா இல்லையா? இன்னொரு கேபிள் இழுக்கிற செலவை உங்களுக்கு மிச்சப்படுத்தினேன்" என்றார். மறுப்பதற்கு எனக்கு உடனே வார்த்தை கிடைக்கவில்லை.

முன்னாள் லைன்மேன்:

அவரைத் திட்டாதீர்கள். 100 எம்பிபிஎஸ் இணைப்பே பெரிது என்று இருந்த காலத்தில் அது புத்திசாலித்தனமான வேலை, நாங்களே செய்திருக்கிறோம். இணைப்பு 300 ஆன பிறகும் அதே பழக்கம் தொடர்வதுதான் சிக்கல்.

மருந்து எளியது. எட்டுக் கம்பிகளையும் ஒரே துளையில் ஒழுங்காக மாட்டிவிட்டு, மாடியில் ஐந்து துளையுள்ள ஒரு கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) சுவிட்சை வையுங்கள். கணினியும் கேமராப் பெட்டியும் அதிலிருந்து ஆளுக்கொரு கேபிள் எடுத்துக்கொள்ளட்டும். கம்பிகளை மாட்டும்போது ஒரு கவனம் வேண்டும்: இணைகளின் முறுக்கை முனையில் தேவைக்கு மேல் பிரிக்காதீர்கள். அந்த முறுக்கு அழகுக்காக இருப்பதல்ல. ஓர் இணையின் இரண்டு கம்பிகளும் மாறி மாறி இடம் மாற்றிக்கொள்வதால் வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் சமமாக விழுந்து கழிந்துவிடுகிறது. தொலைபேசிக்காக கிரகாம் பெல் 1881இல் காப்புரிமை வாங்கிய வித்தை அது. கிகாபிட் இன்றும் அதில்தான் ஓடுகிறது. கடையில் கேபிள் வாங்கினால் செம்புக் கம்பியா, செம்பு முலாம் பூசிய அலுமினியமா என்று கேட்டு வாங்குங்கள். விலை குறைவாக இருந்தால் பெரும்பாலும் இரண்டாவதுதான். கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும்.

சாரல் காலம்:

நான் நிறுவனத்தின்மேல் போட்ட பழியை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் என் வீட்டுப் பிரச்சினை வேறு. எங்கள் தெருவுக்கு ஃபைபர் வரவில்லை. மொட்டை மாடியில் 5ஜி பெட்டி ஒன்றை வைத்துவிட்டுப் போனார்கள். காலையில் 150 வருகிறது, இரவு எட்டு மணிக்கு 40 ஆகிறது. குற்றாலத்தில் சாரல் விழும் நாட்களில் இன்னும் மோசம். பெட்டியிலிருந்து கணினிக்கு வயர்தான் போட்டிருக்கிறேன், ஆனாலும் குறைகிறது. மழைதானே காரணம்?

கொக்கிரகுளத்தான்:

கணினிக்கு வயர் போட்டுவிட்டதால் உங்கள் இணைப்பு வயர் இணைப்பு ஆகிவிடாது. டவரிலிருந்து மொட்டை மாடிவரை காற்றுதான், அந்தக் காற்றை ஊரில் உள்ள கைப்பேசிகளும் பங்கு போடுகின்றன. இரவு எட்டு மணிக்கு எல்லோரும் வீடு திரும்பிப் படம் பார்க்கும்போது உங்கள் பங்கு சுருங்குகிறது. மழையைப் பற்றி: வீட்டு வைஃபை அலைவரிசைகளிலும், 3.5 ஜிகாஹெர்ட்ஸ் அளவில் வரும் 5ஜியிலும், சாரல் தூறல் எல்லாம் வேகத்தைக் கெடுக்கும் அளவுக்கு அலையை உறிஞ்சுவதில்லை. சாரல் நாளில் ஊரே வீட்டுக்குள் கைப்பேசியோடு உட்கார்ந்திருக்கிறது. அதையும் கணக்கில் சேருங்கள். நனைந்த மரங்கள் பாதையில் இருந்தால் ஓரளவு பாதிப்பு உண்டு. பெட்டி டவரைப் பார்த்தபடி, மரம் மறைக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

நேர்மையாகச் சொன்னால் ஃபைபரும் பங்குதான். ஒரு தெருவுக்கு வரும் ஜிபான் வகை ஃபைபரில் கீழ்நோக்கி 2.5 கிகாபிட் அளவு வருகிறது. அதை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். ஆனாலும் அங்கே சண்டை இல்லாததற்குக் காரணம், தொலைபேசி நிலையத்தில் உள்ள கருவி எந்த வீடு எந்தக் கணத்தில் பேசலாம் என்று முறை வைத்திருக்கிறது.

பத்தமடைப் பாய்:

முறை என்றதும் எனக்கு வாய்க்கால் நினைவுக்கு வருகிறது. நீர்ப்பாய்ச்சி ஒருவர் நின்று, இன்றைக்கு இவர் வயல், நாளைக்கு அவர் வயல் என்று மடையைத் திறந்து விட்டால் கடைமடைக்கும் தண்ணீர் போகும். ஆள் இல்லாவிட்டால் மேல்மடைக்காரர் பாடு கொண்டாட்டம். ஃபைபருக்கு நீர்ப்பாய்ச்சி உண்டு, வைஃபைக்கு இல்லை என்று புரிந்துகொள்ளலாமா?

கொக்கிரகுளத்தான்:

நான் நான்கு பத்தியில் சொல்ல முயன்றதை அக்கா இரண்டு வரியில் முடித்துவிட்டார். ஒரே ஒரு திருத்தம்: வைஃபை 6இலிருந்து ரௌட்டரே ஓரளவுக்கு நீர்ப்பாய்ச்சி வேலையும் பார்க்கிறது. சேனலைச் சிறு சிறு பாத்திகளாகப் பிரித்து, ஒரே நேரத்தில் பல கருவிகளுக்குக் கொடுக்கும். கைப்பேசியும் அதே தலைமுறையாக இருந்தால்தான் அது பலிக்கும்.

வாய்க்கால் உவமையை இன்னும் ஓரடி இழுக்கிறேன். பழைய வைஃபையில் எல்லோருக்கும் சமமான முறை உண்டு, ஆனால் அது நேரத்தில் சமம் அல்ல, பொட்டலத்தில் சமம். 600 எம்பிபிஎஸ் வேகத்தில் பேசும் மடிக்கணினியும், மூலை அறையில் 60 எம்பிபிஎஸ் வேகத்தில் திணறும் பழைய கைப்பேசியும் மாறி மாறி ஒவ்வொரு பொட்டலம் அனுப்புகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியின் பொட்டலம் போய்ச் சேரப் பத்து மடங்கு நேரம் ஆகிறது. அவ்வளவு நேரமும் மடிக்கணினி கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கணக்குப் போட்டால் இருவருக்கும் 54 எம்பிபிஎஸ் அளவுதான் வரும், வேறு கழிவே இல்லாவிட்டாலும். வேகமானவன் மெதுவானவனின் 60க்கும் கீழே இறங்கிவிடுகிறான்! வயரில் இந்த அநியாயம் கிடையாது. சுவிட்சின் ஒரு துளையில் பழைய 10 எம்பிபிஎஸ் கருவி தொங்கினாலும் பக்கத்துத் துளைக்காரர் தன் வேகத்தில் போய்க்கொண்டிருப்பார். நல்ல ரௌட்டர்களில் நேரத்தைச் சமமாகப் பங்கிடும் ஏற்பாடு இப்போது இருக்கிறது. ஆனாலும் தொலைக்காட்சி, கேமராப் பெட்டி, மேசைக் கணினி என்று இடம் மாறாத பொருட்களுக்கெல்லாம் வயர் கொடுத்துவிடுவதுதான், கையில் எடுத்துக்கொண்டு அலையும் கைப்பேசிகளுக்கு நாம் செய்யும் பெரிய உதவி என்பேன்.

பாளை மாடிவீடு:

வண்ணார்பேட்டையில் ஐந்து துளை சுவிட்ச் ஒன்று வாங்கினேன். ஆயிரம் ரூபாய்க்குச் சற்று மேல் ஆயிற்று. எட்டுக் கம்பிகளையும் மாட்டி, சுவிட்சில் இணைத்ததும் மாடியில் வயரில் 287 வந்தது. பழைய வைஃபை ரௌட்டர் ஒன்று வீட்டில் சும்மா கிடந்தது. அதையும் அதே சுவிட்சில் ஆக்சஸ் பாயின்டாக மாற்றி வைத்ததில் மாடிப் படுக்கையறையிலும் இப்போது வைஃபையில் 200க்கு மேல் நிற்கிறது. காணொளிக் கூட்டங்களில் என் குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது என்று மேலாளர் சொல்லிவந்ததும் நின்றுவிட்டது. எல்லோருக்கும் நன்றி. பக்கத்து வீட்டில் தம்பி குடும்பம் இருக்கிறது. மொட்டை மாடி வழியாக அவர்களுக்கும் ஒரு லேன் கேபிள் இழுத்துவிடலாமா?

முன்னாள் லைன்மேன்:

வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கத்து இடி எப்படி விழும் என்று தெரியும் அல்லவா? பக்கத்தில் எங்கோ விழும் மின்னல்கூடத் திறந்த வெளியில் கிடக்கும் செம்புக் கம்பியில் அழுத்தத்தை ஏற்றி, இரு முனையிலும் உள்ள கருவிகளை ஒரே அடியாகக் கொன்றுவிடும். தொலைபேசிக் கம்பிகளில் எத்தனை கருகிய பெட்டிகளைக் கழற்றியிருக்கிறேன் என்று கணக்கே இல்லை. இரண்டு கட்டடங்களுக்கு இடையில் ஃபைபரும், இரு முனையிலும் அதை லேன் கேபிளோடு இணைக்கும் ஒவ்வொரு மீடியா கன்வர்ட்டரும் போடுங்கள். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் தாங்குவதற்காக உள்ளே இரும்புக் கம்பி வைத்த ஃபைபரும் விற்கிறது. அது வேண்டாம், உலோகம் இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள்.

கல்லிடை அப்பளம்:

என் கதையையும் முடித்துவிடுகிறேன். சுவரைக் குடையவில்லை. கேட்-6 கேபிளை ரேழியின் மேல் சன்னல் வழியாக எடுத்து, முற்றத்தின் குறுக்கே கட்டி, இரண்டாம் கட்டின் காற்றுப் போக்கி வழியாக உள்ளே விட்டுவிட்டேன். மகள் அறையில் இப்போது 30க்குப் பதிலாக முழு 150 வருகிறது. எங்கள் திட்டமே அவ்வளவுதான். ஒரே ஒரு சிக்கல். முற்றத்தில் புதிதாக ஒரு கயிறு வந்திருப்பதாக நினைத்து அம்மா நேற்று அதில் ஈரப் போர்வையைக் காயப்போட்டுவிட்டார்.

முன்னாள் லைன்மேன்:

உடனே எடுக்கச் சொல்லுங்கள். அந்தக் கேபிள் தாங்கும் இழுவிசை சுமார் 11 கிலோ எடைக்குச் சமம். அதற்கு மேல் போனால் உள்ளே முறுக்கு நீண்டு இணைகள் குலைந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. பிறகு நீங்களும் 94 என்று இங்கே வந்து எழுதுவீர்கள். குறுக்கே தொங்க விடாமல் தாழ்வாரத்துச் சட்டத்தை ஒட்டிச் சுற்றிக் கொண்டுபோங்கள். பத்து மீட்டர் கூடுதலானால் ஒன்றும் குறையாது, 100 மீட்டர்வரை அது கிகாபிட் கொடுக்கும். அம்மாவுக்குத் தனியாக ஒரு நைலான் கயிறு கட்டிக் கொடுங்கள்.